ஊட்டிக் குளிரில் வெயிலைப் பிடித்து வைக்கும் வழி

சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு வெயில் என்றால் ஒதுங்கி நடக்க வேண்டிய ஒன்று. கரூர்க்காரியான நானும் அப்படித்தான் இருந்தேன். வேலை மாற்றலில் ஊட்டிக்கு வந்து, இங்கேயே குடும்பம் நிலைத்த பிறகுதான் வெயிலின் அருமை தெரிந்தது. இங்கே வெயில், குழாயில் வரும் குடிதண்ணீர் மாதிரி. வரும் நேரத்தில் பிடித்து வைத்தால்தான் இரவுக்கு ஆகும்.

முதலில் குளிரின் குணம் தெரிய வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும். மேகம் மூடிய இரவில் அவ்வளவு குளிராது. வானம் தெளிந்து, காற்றும் அசையாத இரவில்தான் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெளுத்துக் கிடக்கும் காலையில், மேட்டுத் தெருவில் வெறும் ஈரம் மட்டும் இருக்கும். பொழுது சாய்ந்ததும் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால், கூடுதல் கம்பளியை எடுத்து வைப்பேன். ரோஜாத் தொட்டிகளை உள்ளே நகர்த்துவேன். நகர்த்த முடியாத செடிக்குச் சாக்கைப் போர்த்துவேன்.

இங்கே வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாடகையைக் கேட்பதற்கு முன் வெயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கிழக்கிலும் தெற்கிலும் மலையோ உயர்ந்த மரமோ மறைத்தால், ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. வெயில் ஏறியதும் திரைகளை முழுக்க விலக்கிவிடுங்கள். சுவரும் தரையும் சூடேறட்டும். நான்கு மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டால், அந்தச் சூடு படுக்கும் நேரம் வரை கொஞ்சம் நிற்கும்.

கம்பளி, தலையணை எல்லாம் உச்சி வெயிலில் காய வேண்டும். மூன்று மணிக்குள் எடுத்து மடித்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் ஈரம் ஏறி, இரவில் உடம்பில் ஒட்டும். தலைக்குக் குளிப்பதையும் நடுப்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் அந்த வெயிலிலேயே இளகிவிடும்.

தடியான ஒரே ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் நல்லவை. வெயிலில் ஒன்றைக் கழற்றலாம், நிழலுக்குள் போனதும் போட்டுக்கொள்ளலாம். வியர்வையில் நனைந்த உள்ளாடையோடு மாலைக் குளிரில் நிற்காதீர்கள். படுக்கும்போது காலுக்கு உலர்ந்த சாக்ஸ், காதை மூடும் குல்லா போதும்; பாதித் தொல்லை குறையும்.

வெயில் காயவும் ஒரு முறை இருக்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிர்காற்றில் சூடு உறைக்காததால் முகம் கருத்த பிறகுதான் தெரியும். முதுகைக் காட்டி உட்காருங்கள், முகத்துக்குத் தொப்பியோ முந்தானையோ இருக்கட்டும்.

மிக முக்கியமான ஒன்று. மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். சுற்றுலா வருகிறவர்கள் விடுதி அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தணலை எடுத்துப் போகாதீர்கள். இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

வயதானவர்களுக்கு வெயில்தான் பாதி மருந்து. கை கால் மரத்துப்போய் எழுபவர்கள், ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தால் தாமாக எழுந்து நடக்கிறார்கள். நிழல் நகர நகர அவர்கள் நாற்காலியையும் நகர்த்திப் போடுங்கள். வீட்டுக்கு மேல் மாடி எழுப்ப நினைப்பவர்கள், அதன் நிழல் டிசம்பரில் யார் வாசலில் விழும் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்குச் செய்யும் பெரிய உபகாரம், அவர்கள் வெயிலை மறைக்காமல் இருப்பதுதான்.