சமக்குறியை நம்பிய பிறகு

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியை நிறுவிய அன்று இரவே, அடித்ததை உடனுக்குடன் இயக்கிக் காட்டும் அதன் ஜிஎச்சிஐ திரையைத் திறந்து 'எக்ஸ் = 5' என்று அடித்தேன். அடுத்த வரியில் 'எக்ஸ் = எக்ஸ் + 1'. ஜாவாவில் பதினொரு வருடம் பழகிய கை வேறு என்ன அடிக்கும்? இரண்டு வரியையும் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. எக்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு 6 வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மடிக்கணினியின் விசிறி இரையத் தொடங்கியதும் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினேன்.

ஏதோ கோளாறு என்று நினைத்துப் படுத்துவிட்டேன். அந்த மொழியின் முதல் பாடமே அதுதான் என்று அப்போது தெரியாது. ஜாவாவில் சமக்குறி ஒரு கட்டளை: வலப்பக்கத்தைக் கணக்குப் போடு, வந்ததை இடப்பக்கப் பெயருக்குள் வை. ஹாஸ்கெலில் அது பள்ளிக்கூடத்துச் சமக்குறி. இடமும் வலமும் ஒன்று. இடப்பக்கம் எங்கே வந்தாலும் அங்கே வலப்பக்கத்தை எழுதிக்கொள்ளலாம். எக்ஸ் என்றால் எக்ஸ் + 1. அப்படியானால் (எக்ஸ் + 1) + 1. அதுவும் ((எக்ஸ் + 1) + 1) + 1. முடிவே கிடையாது. முந்தைய வரியில் நான் வைத்த 5 இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டாவது வரி பழைய எக்ஸை மாற்றவில்லை. அதே பெயரில் புதிதாக ஒன்றை வரையறுத்துவிட்டது.

இது புரிய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் ஜாவா நிரல்களை வரிக்கு வரி ஹாஸ்கெலுக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். ஃபார் லூப்புக்கு என்ன, மாறிக்கு என்ன, லூப்பின் நடுவில் வெளியேற என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஈடு தேடினேன். கற்க வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் சொல்வது, ஈடு தேடாதீர்கள் என்பதுதான். கணினியை மூடிவிட்டு ஒரு நோட்டை எடுங்கள்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இரண்டே வரி. பெயர்களைத் தமிழிலேயே எழுதிக்கொண்டேன்.

கூட்டு [ ] = 0
கூட்டு (தலை : மீதி) = தலை + கூட்டு மீதி

வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை 0. மற்றபடி, முதல் உறுப்போடு மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர்த்தால் விடை. இதை வைத்து 3, 1, 4 என்ற பட்டியலைக் கையால் விரித்தேன்.

கூட்டு [3, 1, 4]
= 3 + கூட்டு [1, 4]
= 3 + (1 + கூட்டு [4])
= 3 + (1 + (4 + கூட்டு [ ]))
= 3 + (1 + (4 + 0))
= 8

ஒரு வரிக்கு ஒரே ஒரு மாற்றம். எந்த வரையறையால் அந்த மாற்றம் வந்தது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கணினியின் உள்ளே என்ன நடக்கும், ஸ்டாக் எவ்வளவு உயரும் என்றெல்லாம் அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. ரிகர்ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே இறுகிப்போகும் எனக்கு, இப்படிப் பத்துப் பதினைந்து முறை விரித்த பிறகு அந்த இறுக்கம் விட்டுப்போனது. தன்னையே அழைக்கிறது என்ற புதிர் தாளில் இல்லை. சமமானதைச் சமமானதால் மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

பட்டியலின் நீளம், இரண்டு பட்டியல்களை ஒட்டுவது, முதல் சில உறுப்புகளை மட்டும் எடுப்பது, தலைகீழாக்குவது ஆகிய நான்கையும் நூலகத்தைப் பார்க்காமல் நீங்களே எழுதி, தாளில் விரித்துப் பாருங்கள். தலைகீழாக்குவதை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள். மீதியைத் தலைகீழாக்கி அதன் வாலில் முதல் உறுப்பை ஒட்டு என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் அப்படித்தான். விடை சரியாகவே வரும். ஆனால் வாலில் ஒட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் முன்னால் இருக்கும் பட்டியல் முழுவதையும் நடந்து கடக்க வேண்டும். நான்கு உறுப்புக்கு 6 அடி, பத்து உறுப்புக்கு 45 அடி. கை வலித்தபோதுதான் இந்த நிரல் மெதுவானது என்று தெரிந்தது. இதுவரை சேர்த்ததைக் கூடவே ஒரு உள்ளீடாக எடுத்துக்கொண்டு போகும் இரண்டாவது வடிவத்தைப் பிறகு நானே கண்டுபிடித்தேன். அந்த இரவின் மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த பாடம் வீட்டிலிருந்தே வந்தது. மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. இரண்டு நீள்வட்டம் வரைந்து அம்புகளை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே விளக்கினாள்.

"இந்தப் பக்கம் இருக்கிற எல்லாத்துல இருந்தும் ஒரு அம்பு போகணும்பா. ஒண்ணு கூட விடக் கூடாது. அதே மாதிரி ஒண்ணுல இருந்து ரெண்டு அம்பு போகக் கூடாது. போனா அது சார்பு இல்ல."

ஜாவாவில் நான் எழுதிய செயற்கூறுகளில் பாதி இந்தச் சோதனையில் தோற்கும். கடிகாரத்தைப் பார்த்து விடை சொல்லும் ஒன்று, அதே உள்ளீட்டுக்குக் காலையில் ஒரு அம்பும் மாலையில் வேறொரு அம்பும் விடுகிறது. ஹாஸ்கெலின் சார்பு மகள் சொன்ன சார்புதான்: அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை. அதனால்தான் சமக்குறியை நம்பி எங்கு வேண்டுமானாலும் மாற்றி எழுத முடிகிறது. அவள் சொன்ன முதல் விதியை மட்டும் மொழி தானாகக் காப்பாற்றுவதில்லை. பட்டியலின் முதல் உறுப்பைத் தரும் 'ஹெட்' வெறும் பட்டியலைக் கண்டால் நிரலையே நிறுத்திவிடும், அங்கிருந்து அம்பு போக இடமில்லை. விடை இல்லாமலும் போகலாம் என்று டைப்பிலேயே சொல்லும் 'மேபி'யை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். விடுபட்ட நிலைகளைக் காட்டும் எச்சரிக்கைகளை முதல் நாளே இயக்கிவிடுங்கள்.

டைப்பை முதலில் எழுதிவிட்டுத்தான் வரையறைக்குப் போக வேண்டும். அதிலும் அம்புதான். 'எண் → எண் → எண்' என்று இரண்டு அம்பு வந்தால் குழம்ப வேண்டாம்: ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு, இன்னொரு எண்ணுக்குக் காத்திருக்கும் ஒரு சார்பைத் திருப்பித் தருகிறது. இந்த உத்தியை மோசஸ் ஷோன்ஃபிங்கல் 1924இலேயே எழுதிவிட்டார். பெயர் மட்டும் பின்னால் வந்த ஹாஸ்கெல் கரியுடையதாக நிலைத்து 'கரியிங்' ஆனது. மொழிக்கும் அவர் பெயரேதான்.

பிழைச் செய்திகளில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், என்னிடமிருந்து பல மணி நேரத்தைப் பிடுங்கியவை. ஒரு சார்பைத் திரையில் காட்ட வழியில்லை, அதற்கு 'ஷோ' இல்லை என்று வந்தால், அநேகமாக ஓர் உள்ளீட்டைக் கொடுக்க மறந்திருப்பீர்கள்; விடைக்குப் பதில் காத்திருக்கும் சார்பு கையில் நிற்கிறது. இன்னொன்று கழித்தல் குறி. ஒரு சார்புக்கு -1 என்று அடைப்புக்குறி இல்லாமல் கொடுத்தால், சார்பிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். குறை எண்ணை எப்போதும் அடைப்புக்குள் வையுங்கள்.

நோட்டுக்குத் திரும்புகிறேன், எனக்குப் பிடித்த பக்கம் அதில்தான் இருக்கிறது. [3, 1, 4] என்பது சுருக்கெழுத்து. உண்மையில் அது 3 : (1 : (4 : [ ])). அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் எல்லாம் கூட்டல் குறியையும், வெறும் பட்டியல் இருக்கும் இடத்தில் 0ஐயும் போட்டால் 3 + (1 + (4 + 0)). முன்பு விரித்ததில் கடைசிக்கு முந்தைய வரி! பெருக்கல் குறியும் 1உம் போட்டால் பெருக்குத்தொகை. 'ஃபோல்ட்-ஆர்' என்று நூலகத்தில் இருப்பது இந்த இடமாற்றம்தான். பல புத்தகங்களில் இதைப் பற்றிப் படித்தும் பிடிபடாதது, இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது பிடிபட்டது. வெறும் பட்டியலின் பெருக்குத்தொகை ஏன் 1 என்ற கேள்விக்கும் விடை அங்கேயே இருந்தது: 0 போட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

தாள் காட்டாத ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன், நினைவகம். அதையும் காட்டியது. அலுவலகத்தில் என் முதல் ஹாஸ்கெல் நிரல், பெரிய லாக் ஃபைலில் எந்தப் பிழை எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. சிறிய ஃபைலில் நன்றாக ஓடியது. பெரியதில் நினைவகத்தைத் தின்றுகொண்டே போனது. ஒரு பிழை எண்ணுக்கான கணக்கை மட்டும் நோட்டில் விரித்தேன்: 0 + 1, பிறகு (0 + 1) + 1, பிறகு ((0 + 1) + 1) + 1. வரி நீண்டுகொண்டே போயிற்று. கேட்கும் வரை கணக்கிடாமல் இருப்பது இந்த மொழியின் இயல்பு. இடையில் யாரும் விடை கேட்காததால் கூட்டல்கள் எல்லாம் அப்படியே தேங்கி நின்றன. தாளில் வரி அகலுவதுதான் கணினியில் நினைவகம் வீங்குவது. டேட்டா.மேப் என்ற நூலகத்துக்குப் பதில் டேட்டா.மேப்.ஸ்ட்ரிக்ட் என்று ஒரே ஒரு வரியை மாற்றியதும் சரியானது. அது ஒவ்வொரு முறையும் கூட்டிவிட்டுத்தான் உள்ளே வைக்கும்.

ஹாஸ்கெல் என்றதும் எல்லோரும் பயமுறுத்தும் மோனாட் பற்றிக் கேட்பீர்கள். அதற்கு அவசரம் வேண்டாம். 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கூடிய ஆய்வாளர்கள் திட்டமிட்டு, 1990இல் முதல் வரையறை வெளிவந்த இந்த மொழியில், உள்ளீடு-வெளியீட்டை மோனாட் வழியாகச் செய்யும் முறை 1996இன் 1.3ஆம் பதிப்பில்தான் வந்தது. மொழியே அது இல்லாமல் ஆறு வருடம் இருந்திருக்கிறது. நீங்கள் ஆறு வாரம் இருக்கலாம். அதுவரை 'டூ' என்று தொடங்கி வரிசையாக எழுதும் முறையை அப்படியே பயன்படுத்துங்கள். மேபியையும் பட்டியலையும் வைத்துப் போதுமான நிரல்கள் எழுதிய பிறகு, இரண்டிலும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவது தானாகக் கண்ணில் படும். உவமைகளால் மோனாடை விளக்கும் கட்டுரைகளை நான் நிறையப் படித்தேன். எனக்கு எதுவும் உதவவில்லை. புத்தகம் ஒன்று வேண்டும் என்றால் கிரஹாம் ஹட்டனின் 'புரோகிராமிங் இன் ஹாஸ்கெல்', 2016இல் வந்த இரண்டாம் பதிப்பு. கையால் விரிக்கும் பழக்கத்தை அவரும் விடாமல் கடைப்பிடிக்கிறார்.

சென்ற மாதம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஃபிபனாச்சி எண்களின் வரையறையை எழுதினேன். முதலில் 0, அடுத்து 1. அதற்குமேல், இந்தப் பட்டியலையும் இதன் வாலையும் அருகருகே வைத்து இணை இணையாகக் கூட்டியவை. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் அதே பெயர், அந்த எக்ஸைப் போலவே. இதை ஜிஎச்சிஐயில் அடித்துப் பத்து உறுப்பு கேட்டால் உடனே தருகிறது. அது தொங்கியது, இது ஓடுகிறது. ஏன் என்று விரித்துப் பார்த்தேன். எக்ஸ் + 1இல் கூட்டலுக்கு முதலில் எக்ஸ் தெரிந்தாக வேண்டும், பிடிக்க ஒன்றுமில்லை. இங்கே 0உம் 1உம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றைக் கூட்டினால் மூன்றாவது, அது வந்ததும் நான்காவது. 0, 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34. பக்கம் அத்தோடு தீர்ந்துவிட்டது. புது நோட்டு வாங்கியிருக்கிறேன்.