பொடி விற்கப் போகிறீர்களா?

வீட்டில் இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி அரைத்து விற்க ஆசையா? லேபிள் டிசைன் அப்புறம் இருக்கட்டும், முதலில் தராசை எடுங்கள். மிளகாயைக் காம்பு கிள்ளி, பருப்போடு வறுத்து, அரைத்துச் சலித்து முடிக்கும்போது வாங்கிய எடை அப்படியே நிற்காது. அதனால் கடைசியில் கிடைத்த பொடியின் எடையை வைத்தே அடக்கவிலை போடுங்கள். கேஸ், மின்சாரம், கவர், ஆட்டோச் செலவு, சாம்பிளாகக் கொடுத்தது எல்லாம் அதில் சேரவேண்டும். உங்கள் கூலியும்தான். பலரும் விட்டுவிடுவது அதைத்தான். பிறகு “நல்லா விக்குது, கையில காசு நிக்கல” என்று புலம்புவார்கள்.

அரைத்த சூட்டோடு பேக் செய்யாதீர்கள். கவருக்குள் வியர்த்துப் பொடி கட்டிதட்டிவிடும். தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறவிடுங்கள்.

கடைகளுக்குப் போடும்போது, கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பழைய பில் வசூலான பிறகே அடுத்த சரக்கு.

வீட்டில் தயாரித்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அதில் கிடைக்கும் 14 இலக்க எண் கவரில் இருக்கவேண்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள். அரசின் முத்ரா கடன் திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமில்லாமல் கடன் உண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் கடன் எதற்கு? வீட்டு மிக்சி போதும்.

பதிவு வந்ததும் ஒரு கிலோ அரைத்து, தெரிந்தவர்களுக்கும் விலைக்கே கொடுங்கள். சும்மா கொடுத்தால் எல்லோரும் ‘பிரமாதம்’ என்பார்கள். காசு கொடுத்தவர் சொல்லும் குறையைக் குறித்துக்கொள்ளுங்கள்.