உறக்கத்தில் நடக்கும் பிள்ளை

ஈப்போ

தஞ்சோங் மாலிமில் வாழும் அன்பு மருமகளுக்கு மாமாவின் வாழ்த்து.

இரவில் எழுந்து நடக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, அந்நேரத்தில் அவன் முழுமையாக உறங்குவதும் இல்லை, முழுமையாக விழித்திருப்பதும் இல்லை என்பதே. மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என மூன்றும் இரவு முழுவதும் சுற்றுச் சுற்றாக மாறி வர, மூளையின் மின்னலைகள் மெதுவாகவும் உயர்ந்தும் எழும் ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் மிகுந்திருக்கும். அந்த ஆழத்தில் இருக்கும்போது மூளையின் ஒரு பகுதி மட்டும் திடீரென விழித்து, நடக்கவும் கதவைத் திறக்கவும் உடலை ஏவ, சூழலை எடைபோடும் பகுதியும் நடந்ததை நினைவில் பதிக்கும் பகுதியும் உறங்கிக்கொண்டே இருப்பது உறக்க நடை எனப்படுகிறது. ஒன்பது மணிக்குப் படுத்த சிறுவன் பத்தரை மணிக்குக் கண் திறந்தபடி கூடத்தில் நிற்பதும், அழைத்தால் பொருந்தாத ஒரு சொல்லை முணுமுணுப்பதும், காலையில் ஒன்றும் அறியாதவனாக எழுவதும் இதனால்தான். கனவில் காண்பதையே அவன் செய்கிறான் என்ற பழைய கருத்தை, 1965-இல் உறக்கத்தில் நடப்பவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்த அமெரிக்க ஆய்வாளர்கள், நடை ஆழ்ந்த உறக்கத்திலிருந்தே தொடங்குகிறது என்று காட்டி மாற்றினர்.

தோட்டப்புற லயங்களில் உறக்க நடையை முனி அடித்ததாகவும் காத்துக் கருப்பு பட்டதாகவும் கொண்டு, திருநீறு போட்டுக் கையில் கயிறு கட்டிய வழக்கம் உண்டு. பதின்ம வயதில் பெரும்பாலோருக்கு இது தானாகவே நின்றுவிடுவதால், நின்றதற்கான பெயர் கயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. திருநீற்றால் தீங்கில்லை, பிள்ளையை அச்சுறுத்தும் பேச்சால்தான் தீங்கு. உண்மையில் உறக்க நடை குடும்ப வழியாக வருவது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், பெற்றோர் இருவருக்கும் இவ்வழக்கம் இல்லாத பிள்ளைகளில் 22.5 விழுக்காட்டினரும், ஒருவருக்கு இருந்தோரில் 47.4 விழுக்காட்டினரும், இருவருக்கும் இருந்தோரில் 61.5 விழுக்காட்டினரும் உறக்கத்தில் நடந்தனர்.

இயல்பு பிறப்பிலேயே இருந்தாலும் அதைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் உறக்கக் குறைவு. தோட்டத்தில் விடியுமுன் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்பிய தாய்மார், அரைத்தூக்கத்திலேயே பிள்ளைகளை அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிச் சென்ற காலம் போய்விட்டது. இன்றோ இரவு வகுப்பும் கைப்பேசியும், கார்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வரும் தந்தையின் கதவுச் சத்தமும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. காய்ச்சல், மனக்கலக்கம், நிறைந்த சிறுநீர்ப்பை ஆகியவையும் தூண்டும்.

நடப்பவரை எழுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பது உண்மையன்று. ஆனால் உலுக்கி எழுப்பினால் அவர் குழம்பிப்போய்ப் பிறரைத் தள்ளவோ அடிக்கவோ கூடும். ஆதலால் எதிரே நின்று மறிக்காமல், பக்கவாட்டில் சேர்ந்து நடந்து, தாழ்ந்த குரலில் இரண்டொரு சொல் பேசி, முழங்கையை மெல்லத் தொட்டுப் படுக்கைக்குத் திருப்பி விடுவதே முறை. படிக்கட்டையோ தெருவையோ நெருங்கிவிட்டால் தயங்காமல் பிடித்து நிறுத்த வேண்டும்.

வீட்டின் ஏற்பாடே பெரிய காவல். தாமான் வீடுகளில் பிள்ளையின் படுக்கை கீழ்த்தளத்துக்கு வர வேண்டும். இரட்டைக் கட்டிலின் மேல்தட்டு ஆகாது. மாடிப்படிக்குத் தடுப்பும், கதவில் அசைந்தால் ஒலிக்கும் சிறு மணியும் போதும். கத்தி, மோட்டார் சைக்கிள் சாவி ஆகியவற்றைப் பூட்டி வைக்கலாம். இரும்புக் கம்பிக் கதவைப் பற்றிச் சற்று நின்று எண்ண வேண்டும். அது பூட்டியிருந்தால்தான் பிள்ளை வாசலில் உள்ள மழைநீர்க் கால்வாய்ப் பக்கம் போகமாட்டான்; ஆனால் தீப்பிடித்தால் அதே பூட்டு முழுக் குடும்பத்தையும் உள்ளே அடைத்துவிடும். எனவே சாவி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர் கை இருட்டிலும் தேடாமல் எட்டும் ஒரே ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும்; பெரியவர் எல்லோரும் அந்த இடத்தை அறிந்திருக்க வேண்டும்.

நடை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருமானால், அதற்குக் கால் மணி நேரம் முன்பாகப் பிள்ளையை மெல்ல எழுப்பி, கழிவறைக்கு அனுப்பி மீண்டும் படுக்க வைப்பதைச் சில வாரம் செய்து பார்க்கலாம். காயம் பட்டாலோ, வீட்டை விட்டு வெளியேறினாலோ, மூச்சு நின்று நின்று வரும் குறட்டை இருந்தாலோ, கைகால் ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப வெட்டி இழுத்தாலோ மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். கடைசியாகச் சொன்னது வலிப்பு நோயாக இருக்கக்கூடும். கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காட்சி, வாய்ச்சொல்லைவிட மருத்துவருக்கு உதவும். அரசாங்கக் கிளினிக்கில் காட்டிய பின், தேவையெனில் சிலிம் ரிவர் மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். பெரியவர்களிடம் உறக்க நடை புதிதாகத் தோன்றினால் அவர்கள் உண்ணும் மருந்தைப் பார்க்க வேண்டும்: சோல்பிடம் முதலான சில தூக்க மாத்திரைகளால் உறக்கத்தில் நடந்தும் வாகனம் ஓட்டியும் உயிரிழப்புகள் நேர்ந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019-இல் அவற்றுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது.

பள்ளி முகாமுக்குப் பிள்ளையை அனுப்புமுன் பொறுப்பாசிரியரிடம் தனியே சொல்லி வைப்பது மருமகளின் கடமை. இரவில் அவன் செய்ததை மறுநாள் விருந்தினர் முன் சொல்லிச் சிரிக்கவோ, பேய்க்கதையாக்கவோ வீட்டாரில் எவரையும் விட வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா