ஆயத்தமில்லாத இரவில் வந்த பண்டிகை

டிசம்பர் மாதம் பிறந்ததும் டயாலிசிஸ் பிரிவில் எங்களிடம் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கிறிஸ்துமஸ் அன்று எனக்கு முறை வருகிறதே, அந்த ஒரு தடவை மட்டும் விட்டுவிடலாமா?" இதைச் சோம்பலால் எவரும் கேட்பதில்லை. அதிகாலை ஆராதனை, புத்தாடை, வீடு நிறைந்த உறவினர் ஆகிய அனைத்தையும் விட்டு, இயந்திரத்தருகே நான்கு மணி நேரம் படுத்திருப்பது பண்டிகையையே இழப்பதாகத் தோன்றுகிறது. உடனிருப்போருக்கோ மருந்துச் செலவும் பிள்ளைகளின் துணிச் செலவும் ஒரே மாதத்தில் வந்து சேருகின்றன. விருந்தினரை உபசரிக்கவும் வேண்டும். நோயாளியைக் கவனிக்கவும் வேண்டும். இந்நெருக்கடியில் ஜெபிக்கக்கூட மனம் ஒருமைப்படவில்லை என்று சிலர் வருந்துகின்றனர்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை இந்த வருத்தத்தோடேயே வாசித்துப் பார்ப்போம். அரசன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டான். அதன்பொருட்டு நிறைகர்ப்பிணியான மரியாளும் யோசேப்பும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேலாகப் பயணம் செய்தனர். சொந்த வீட்டைவிட்டு வந்த இடத்தில் பேறுகாலம் நேர்ந்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. குழந்தைக்குத் தீவனத் தொட்டியே படுக்கையாயிற்று. பண்டிகைக்கு இன்றியமையாதவை என்று நாம் எண்ணுபவற்றுள் எதுவும் அவ்விரவில் இல்லை. அவர்களுடைய அலைச்சல் தீரும்வரை ஆண்டவர் காத்திருக்கவில்லை. அதன் நடுவிலேயே வந்து பிறந்தார்.

நற்செய்தியை முதலில் கேட்டவர்களும் இரவுப் பணியில் இருந்தவர்களே. மந்தையைக் காத்து விழித்திருந்த மேய்ப்பர்கள் குழந்தையைக் கண்டு, தேவனைத் துதித்துக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுடைய வேலை மாறியதாக லூக்கா எழுதவில்லை. நோயாளியின் அருகே கண்விழித்திருக்கும் தாயும் மனைவியும் மகனும் அந்த மேய்ப்பர்களின் வரிசையில் இருப்பவர்கள்.

ஆகையால், சிகிச்சையைப் பண்டிகைக்குத் தடையாக எண்ண வேண்டாம். தேவன் தந்த உடலைப் பேணுவதும் விசுவாசத்தின் ஒரு செயலே. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒரு முறையைத் தவறவிட்டால், இடைவெளி நான்கு அல்லது ஐந்து நாட்களாக நீளும். அதற்குள் உடலில் தேங்கும் நீர் மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். மிகுதியாகும் பொட்டாசியம் இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஆராதனைக்குச் செல்ல விரும்புவோர் முறையை விட்டுவிடாமல், நேரத்தையோ நாளையோ மாற்ற இயலுமா என்று முன்கூட்டியே செவிலியரிடம் கேளுங்கள்.

உணவிலும் கவனம் தேவை. பிளம் கேக்கிலுள்ள உலர்திராட்சையிலும் பேரீச்சையிலும் பொட்டாசியம் மிகுதி. முறுக்கு, ஊறுகாய் ஆகியவற்றின் உப்பு தாகத்தைக் கூட்டும். தாகம் கூடினால் நீர் அளவு மீறும். எதை, எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் ஆலோசகரிடம் கேட்டறிந்து, வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். கேட்டு உண்பவரை வற்புறுத்தாதிருப்பது விருந்தளிப்பவர் காட்டும் அன்பு.

பராமரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கும் உறவினரிடம், "ஓர் இரவு துணைக்கு இருங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். பலகாரம் குறைந்தாலும் உறக்கம் குறையாதிருக்கட்டும். உள்ளம் சோர்ந்து, பல நாட்களாக உறக்கமும் பசியும் அற்றுப்போயிருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள். ஜெபிக்கிறவர்களுக்கும் மருத்துவ உதவி தேவைப்படுவதுண்டு. அது விசுவாசக் குறைவன்று.

இவ்வாண்டு ஆலயத்திற்குச் செல்ல இயலாதவர்கள், லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களைக் கட்டிலருகே ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். சில நிமிடங்களே ஆகும். நீண்ட ஜெபம் வரவில்லையெனில், "ஆண்டவரே, இங்கேயும் வாரும்" என்பது போதும். இடமில்லாத ஊரில் பிறந்தவருக்கு மருத்துவமனை அறை அந்நியமன்று.