சேம்புக் களியும் அந்நிய மொழியும்: ஹவாய்த் தீவுகளில் இளம் மறைபரப்பாளர்கள்

பிறர் வீட்டில் உண்டு வாழ்வது இலகுவான காரியம் அல்ல. இடம் கொடுத்த வீட்டாருக்கும் அது இலகுவல்ல. இடம்பெயர்ந்து வாழும் எமது வாசகர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. அந்த வாழ்வுக்குத் துணிந்து கடல் கடந்து சென்ற சில இளைஞர்களை இம்முறை படிப்புக்கு எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் அமெரிக்காவின் மோர்மன் சபையினர். சென்ற இடம் பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகள். அந்நாளில் அது அரசர் ஆண்ட தனி நாடு. (மோர்மன் சபையின் போதனைகள் பல எமது திருச்சபையின் விசுவாசத்தோடு ஒத்துப்போவதில்லை. அதை இங்கே நாம் ஆராயவில்லை. அவர்களுடைய நாளாந்த வாழ்வையே பார்க்கிறோம்.)

1850 டிசெம்பர் 12ஆம் திகதி பத்துப் பேர் ஹொனலுலுவில் வந்து இறங்கினார்கள். கலிபோர்னியாவில் பொன் தோண்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். அங்கு வாழ்ந்த வெள்ளையருக்குப் போதிக்கலாம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். வெள்ளையரோ சிலர்தான்; அவர்களும் செவிகொடுக்கவில்லை. ஹவாய் மக்களோடு பேச மொழி தெரியாது. விரைவிலேயே பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். தங்கியவர்களில் ஒருவர் ஜோர்ஜ் கனன், வயது 23. மவுயி என்ற தீவில், லஹைனா என்ற ஊரில், வாடகை கொடுக்க வழியில்லாமல் நின்ற இவருக்கும் தோழர்களுக்கும் நாலிமானுயி என்ற பெண் தன் வீட்டையே ஒழித்துக் கொடுத்துவிட்டு மகளோடு போய் இருந்தாள்.

முதல் சோதனை சாப்பாடு. ஹவாய் மக்களின் சோறு சேம்பங்கிழங்கு. ஓடும் தண்ணீரைப் பாத்திகளில் தேக்கி, நாம் நெல் வயல் கட்டுவது போலவே வரம்பு கட்டிச் சேம்பு நடுவார்கள். கிழங்கு முற்ற ஏறக்குறைய ஓராண்டு செல்லும். அதை அவித்து, தோல் உரித்து, பலகையில் வைத்துக் கல்லால் இடித்து, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து களியாக்குவார்கள். இரண்டொரு நாள் வைத்துப் புளித்த பின்பு உண்பதே பலருக்கு விருப்பம். இதற்குப் பொயி என்று பெயர். (நமது காதில் ‘பொய்’ என்றுதான் விழும்; ஆனால் அங்கே வயிற்றை நிரப்புகிற மெய் அதுதான்.) குடும்பம் முழுவதும் ஒரே கலயத்தைச் சுற்றியிருந்து விரலால் எடுத்து உண்ணும். மனிதருக்கு மூத்த அண்ணனாகப் பிறந்ததே சேம்பு என்பது அவர்களது பழங்கதை. அதனால் கலயம் திறந்திருக்கும்போது அங்கே சண்டைப் பேச்சு எழக்கூடாது. இந்த வழக்கம் எமக்கு மிகவும் பிடித்தது.

கனனுக்குப் பொயி தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் தனக்கென்று வேறு சமையல் கேட்டால் வீட்டாருக்குப் பாரம், அவர்களை விட்டு விலகுவதும் ஆகும் என்று கண்டார். அது இனிக்க வேண்டுமென்று செபித்து உண்ணப் பழகியதாகப் பின்னர் தாமே எழுதினார். மொழியையும் அப்படியே பிடித்தார். அரைகுறையாகத் தெரிந்த சொற்களையே வைத்துக்கொண்டு, வீட்டாரோடு நாள் முழுவதும் பேசினார். வைலுக்கு என்ற ஊரில் யோனத்தானா நாப்பேலா என்ற நீதவான் அவருக்குத் துணையானார். நாப்பேலா கல்வி கற்ற ஹவாய்க்காரர். அவருடைய உதவியோடுதான் கனன் தமது சபையின் நூலை ஹவாய் மொழியில் பெயர்த்தார். அது 1855இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சாகியது. வந்து சேரும் இளைஞருக்கு மொழி சொல்லிக்கொடுக்கவும் நாப்பேலா தம் வீட்டிலே இடம் செய்தார்.

அப்படி வந்தவர்களில் மிக இளையவர் ஜோசப் ஸ்மித் என்ற பையன். வயது 15. (சபையைத் தொடங்கியவரும் இதே பெயருடையவர்; அவருடைய தம்பி மகன் என்று நினைப்போருண்டு, சரியாகச் சொன்னால் அண்ணன் மகன்.) இவனும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஐந்து வயதில், 1844இல், தகப்பனை ஒரு கும்பல் சிறைச்சாலையிலே சுட்டுக் கொன்றது. 1846இல் வீடு வளவை விட்டு வெளியேறினார்கள். 1848இல், ஒன்பது வயதில், விதவைத் தாயோடு எருது வண்டி ஓட்டிப் பெருவெளியைக் கடந்து சோல்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்தான். அங்கே மாடு மேய்த்தான். 1852இல் தாயும் இறந்தாள். பள்ளிக்கூடத்தில் தங்கையை அடிக்க வந்த ஆசிரியரோடு கைகலந்து படிப்பும் நின்றது. 1854இல் சபை அவனை ஹவாய்க்கு அனுப்பியது. சம்பளம் கிடையாது. வழியில் கலிபோர்னியாவில் கூரைப் பலகை சீவும் வேலை செய்து கப்பற் காசு சேர்த்து, செப்டெம்பர் 27ஆம் திகதி ஹொனலுலு வந்தான்.

அவனுடைய நாட்கள் எப்படிக் கழிந்தன? புல்வேய்ந்த வீட்டில், பாயில் படுக்கை. தெள்ளுக் கடியில் பாதி நித்திரை. விடிந்ததும் வீட்டாரோடு செபம். பிறகு மொழிப் படிப்பு. ஏறக்குறைய நூறு நாட்களில் பேசவும் போதிக்கவும் வல்லவனானான். தன் உடுப்பைத் தானே துவைத்தான். ஊர் விட்டு ஊர் எரிமலைக் கற்களின் மேலே நடை. தீவு விட்டுத் தீவு போக வள்ளம் கிடைக்கும்வரை காத்திருப்பு. தங்கைக்குக் கடிதம் எழுதினால் பதில் வர மாதக்கணக்காகும். கொடுத்ததை உண்டான், கொடுக்க இல்லாத வீடுகளில் பசியோடு படுத்தான். லானாயி தீவில் வைத்திருந்த பெட்டி ஒரு தீ விபத்தில் எரிந்து, உடுப்பும் நாட்குறிப்பும் போயின. பின்பு அவனுக்கும் தோழனுக்கும் வெளியே போட ஒரே ஒரு உடுப்பு. ஒருவன் உடுத்திக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் மற்றவன் கட்டிலில் கிடப்பானாம். குடும்பத்தார் சொல்லிவந்த கதை இது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்பதை, உடுத்த துணியோடு ஊரைவிட்டு வந்தவர்கள் தீர்மானிக்கட்டும்.

மொலொக்காயி தீவில் கடும் காய்ச்சல் கண்டு மூன்று மாதம் கிடந்தான். மாஹூஹீ என்ற பெண் தன் சிறு வீட்டில் வைத்து, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்தாள். பல்லாண்டுகளின் பின், 1901 முதல் 1918 வரை அவர் சபையின் தலைவராயிருந்த காலத்தில், ஒருமுறை ஹொனலுலு துறைமுகத்தில் வந்து இறங்கினார். மாலைகளோடும் வாத்தியங்களோடும் வரவேற்பு. கூட்டத்தின் நடுவே, தொண்ணூறு வயதளவான கண் தெரியாத ஒரு கிழவி, கையில் சில வாழைப்பழங்களோடு, “இயோசெப்பா, இயோசெப்பா” என்று கூப்பிட்டபடி வந்தாள். அவர் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு “அம்மா” என்றார். உடன் சென்ற தோழர் ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

குழுவாகக் கூடி வாசிப்பவர்கள் இவ்விடத்தில் சற்று நிறுத்துங்கள். இடம் கொடுத்த வீட்டாரைப் பற்றிப் பேசுங்கள். அவர்களுக்கு என்ன மிஞ்சியிருந்தது?

ஹவாய் மக்களுக்கு அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. கப்பல்களோடு வந்த நோய்கள் அவர்களை ஏற்கெனவே குறைத்திருந்தன. 1853இல் பெரியம்மை மட்டும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1848இல் நாட்டின் காணிகள் அரசருக்கும் தலைவர்களுக்கும் அரசாங்கத்துக்குமாகப் பிரிக்கப்பட்டன. உழுது பயிரிட்ட குடிமக்களும் உரிமை கோரலாம் என்று 1850இல் சட்டம் வந்தது. ஆனால் நிலம் அளப்பிக்கவும் சாட்சி சொல்லுவிக்கவும் வேண்டியிருந்தது. பலர் கேட்கவே இல்லை. முடிவில் குடிமக்கள் கைக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்படித் தம் காணியை இழந்துகொண்டிருந்தவர்கள்தான் வெளியூர்ப் பையன்களுக்குக் கலயத்தைத் திறந்தார்கள். மறைபரப்பாளர் வரலாறுகளில் போதித்தவர் பெயர் பெரிதாகவும், பொயி இடித்தவள் பெயர் சிறிதாகவும் நிற்கிறது. எமது சபையின் வரலாறுகளும் இதற்கு விலக்கல்ல.

நாப்பேலாவுக்குப் பின்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். அவருடைய மனைவிக்குத் தொழுநோய் கண்டது. அரசாங்கம் நோயாளரை மொலொக்காயியின் கலாவுபாப்பா முனைக்கு அனுப்பி வந்தது. 1873இல், திருமணத்தில் கொடுத்த வாக்கைக் காட்டி, நோயில்லாத தாமும் அவளோடு இருக்க அனுமதி கேட்டுப் போனார். அதே ஆண்டில்தான் எமது புனித தமியான் அடிகளாரும் அங்கே சென்றார். நாப்பேலா சிலகாலம் அக்குடியிருப்பின் மேற்பார்வையாளராக இருந்தார். சபை வேறானாலும் இருவரும் நண்பர்களானார்கள். நாப்பேலாவையும் அந்நோய் பிடித்தது. 1879இல் அங்கேயே இறந்தார். அடிகளார் 1889வரை வாழ்ந்து, அதே நோயினால் அங்கேயே காலமானார்.