ஒடியாத குச்சி தேடுகிறவர்களுக்கு

டிரம் குச்சி வாங்க, கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்கு இறங்குகிற இளைஞர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது ஒடியாதில்ல அண்ணே?" அடுத்த கேள்வி, "எந்த பிராண்டு நல்லது?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிச் சலித்த கடைக்காரர், இருப்பதில் விலை கூடிய ஜோடியை எடுத்து நீட்டிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

கேமரன் மலையில் குச்சி பிடிக்கிற பிள்ளைகளில் பலர் ஒரே வாத்தியத்தோடு நிற்பதில்லை. திருவிழா என்றால் உறுமி மேளக் குழுவில் தப்பு, கல்யாணம் என்றால் மேடையில் டிரம் செட், சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்திலும் டிரம் செட். கை ஒன்று, வாத்தியம் வேறு வேறு. ஒன்றைப் பற்றிய பேச்சை இன்னொன்றின் மேல் ஏற்றிவிடுகிறோம். குச்சியைப் பற்றிய பாதி நம்பிக்கைகள் இப்படிப் பிறந்தவை. மீதிப் பாதி விளம்பரத்தின் பிள்ளைகள்.

"ஒடியாத குச்சியே நல்ல குச்சி" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒடியாத குச்சி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அப்படியொன்று கடையிலேயே இருக்கிறது. அஹெட் என்ற பெயரில் அலுமினியத் தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை போட்ட குச்சி விற்கிறார்கள். உறை தேய்ந்தால் உறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மெட்டாலிக்கா குழுவின் லார்ஸ் உல்ரிச் அதில்தான் அடிக்கிறார். இருந்தும் உலகத்தில் பெரும்பாலான டிரம்மர்கள் மரத்தை விடவில்லை. மரம் வளைந்து மீள்கிற விதத்தைக் கை பழகி வைத்திருக்கிறது. உலோகத்தில் அந்தப் பழக்கத்தை மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். தவிரவும் குச்சி தேய்வதற்கென்றே செய்த பொருள், அது அடிக்கிற சிம்பல் அப்படியல்ல. இரண்டில் ஒன்று போக வேண்டுமென்றால் குச்சி போகட்டும்.

ஒடிந்த குச்சியை வீசுவதற்கு முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனைக்குக் கீழே, தோள் பக்கத்தில் ஒரே இடத்தில் கடித்துக் குதறியதுபோல் நார் நாராகப் பிய்ந்து, கடைசியில் அங்கேயே முறிந்திருந்தால் அது ஹை-ஹாட்டின் ஓரமும் சிம்பலின் ஓரமும் தின்ற குச்சி. நடுத்தண்டில் பள்ளம் விழுந்து முறிந்திருந்தால் டிரம்மின் இரும்பு வளையத்தையும் சேர்த்து அடிக்கிற ரிம்ஷாட்தான் காரணம். இவை கம்பெனியின் குறையல்ல. எந்தக் கம்பெனி குச்சியானாலும் அந்தக் கையில் அதே இடத்தில்தான் ஒடியும். ஆனால் காயமே இல்லாத இடத்தில், கத்தியால் சீவியதுபோல் நீளமாகச் சாய்வாகப் பிளந்திருக்கிறதா? மரத்தின் ரேகை குச்சியின் நீளத்துக்கு நேராக ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறியிருக்கும். இதுதான் சரக்கின் குறை. வாங்கும்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டியது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கம்பெனிகளின் குச்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்க ஹிக்கரி. அதன் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ. கெட்டி மேப்பிள் 700 கிலோவை ஒட்டி நிற்கும். ஓக் குச்சியைப் பரப்பியது ப்ரோமார்க். 1957இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஹெர்ப் பிராக்ஸ்டீன் தொடங்கிய இந்தக் கம்பெனி, ஜப்பானிய ஓக்கில் கடைந்த குச்சிகளை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓக் கெட்டி, கனம், நீண்ட நாள் வரும். ஆனால் ஹிக்கரி நார் பிய்ந்து எச்சரித்துவிட்டுப் போகும். ஓக் சொல்லாமல் கொள்ளாமல் பாட்டின் நடுவில் போய்விடும் என்பது வாசிப்பவர்கள் பொதுவாகச் சொல்வது. மேடைக்கு இரண்டு ஜோடி கொண்டுபோகிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை. ஒரே ஜோடியை நம்பி ஏறுகிறவர் யோசிக்க வேண்டும்.

தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி, அதில் குச்சி கடைந்தால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. கட்டை உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் 1929இல் போ கம்பெனி இங்கே தோட்டம் போட்ட காலத்திலிருந்து கவாத்து வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்திவைக்கிற செடி அது. முறுக்கும் முடிச்சுமாக வளர்ந்த அந்தக் கட்டையில் 16 அங்குலத்துக்கு நேர் ரேகை எங்கே தேடுவது?

"5ஏ என்றால் எங்கே வாங்கினாலும் 5ஏதான்." இது சட்டைக்குக்கூடப் பொருந்தாது, குச்சிக்கு எப்படிப் பொருந்தும்? விக் ஃபர்த் கம்பெனியின் 5ஏ அளவுக் குச்சியின் விட்டம் 0.565 அங்குலம். ப்ரோமார்க்கின் வழக்கமான 5ஏ 0.551. வேட்டர் தன் 5ஏவுக்கு லாஸ் ஏஞ்சலஸ் என்று பெயர் வைத்து 0.570 அங்குலத்தில் கடைகிறது. மூன்றும் 16 அங்குல நீளம். மெல்லியதற்கும் தடித்ததற்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒரே மரம், ஒரே வடிவம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எடையில் சுமார் 7 விழுக்காடு வித்தியாசம் வரும். விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பது பொதுவாகச் சரி: 7ஏ மெலிது, 2பி தடி. எழுத்துகள் பழைய அமெரிக்க வழக்கம். ஏ ஆர்க்கெஸ்ட்ராவுக்கு, பி பேண்டுக்கு, எஸ் தெருவில் அணிவகுத்துப் போகிறவர்களுக்கு. எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் அளவுகோல் எதுவும் இதன் பின்னால் இல்லை.

இதிலிருந்து ஒரு உபாயம் கிடைக்கிறது. தடித்த பிடி பிடித்திருக்கிறது, கனம் பிடிக்கவில்லை என்கிறவர் விக் ஃபர்த் 5பி அளவில், அதாவது 0.595 அங்குலத்தில், மேப்பிள் குச்சி தேடலாம். தடிமன் கூடியதும் மரம் லேசானதும் ஒன்றையொன்று ஈடுசெய்து, எடை ஏறத்தாழ ஹிக்கரி 5ஏவுக்கு வந்து நிற்கும். பிராண்டை மாற்றி மாற்றித் தேடுவதைவிட மரத்தை மாற்றினால் சீக்கிரம் விடை கிடைக்கும் என்பது என் கட்சி.

பிராண்டு என்றதும் ஆளுக்கொரு கட்சி உண்டு என்பதும் தெரியும். விக் ஃபர்த் பாஸ்டன் சிம்பனியில் டிம்பனி வாசித்தவர். கையில் கிடைத்த குச்சிகள் திருப்தி தராமல் தானே செய்யத் தொடங்கி 1963இல் கம்பெனி ஆக்கினார். இரண்டு குச்சிகளையும் எடையாலும் ஒலியாலும் ஜோடி சேர்ப்பதில் அந்தக் கம்பெனிக்குப் பெயர் உண்டு, அதில் பொய்யில்லை. ஆனால் 2010இல் அது சிம்பல் செய்யும் சில்ஜியனோடு இணைந்துவிட்டது. வேட்டர் குடும்பம் தன் பெயரை அச்சடிப்பதற்கு முன் பிற கம்பெனிகளுக்குக் குச்சி கடைந்து கொடுத்தது. ஒருவர் பெயர், இன்னொருவர் கடைசல் என்பது இந்தத் தொழிலில் புதிதில்லை. பிரபலங்களின் கையெழுத்துப் போட்ட குச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அந்த அளவு உங்கள் கைக்குப் பொருந்தினால் வாங்குங்கள், கையெழுத்து இரண்டு கச்சேரியில் அழிந்துவிடும்.

மலைக்கே உரிய நம்பிக்கை ஒன்று உண்டு: "இந்தக் குளிரில் மரம் இறுகி உடைந்துவிடும்." தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். இரவில் 15, 16 டிகிரி. நமக்குக் கம்பளி கேட்கிற குளிர்தான். ஹிக்கரியோ வட அமெரிக்காவில் பனி உறையும் குளிர்காலங்களைத் தாண்டி வளர்கிற மரம். அதற்கு இது குளிரே இல்லை. இங்கே குச்சியைக் கெடுப்பது ஈரம்.

மரம் கடைந்து முடிந்த பிறகும் காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரத்துக்குள் சுமார் 12 விழுக்காடு ஈரம் தங்கும். 90 விழுக்காடாக இருக்கும் இடத்தில் அது 20ஐ எட்டும். வார்னிஷ் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மழையும் மூடுபனியுமாகக் கிடக்கும் ஊரில், கோயில் ஸ்டோர் ரூமில் வாரக்கணக்கில் கிடந்த குச்சி எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 55 கிராம் குச்சி ஒன்றின் ஈரம் 10 விழுக்காட்டிலிருந்து 18க்கு ஏறினால் 4 கிராம் கூடும். அதுவும் 7 விழுக்காடுதான்! ப்ரோமார்க்குக்கும் வேட்டருக்கும் நடுவே கணக்குப் போட்டோமே, அந்த வித்தியாசம் முழுவதும் ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகிறது. போன மாதம் கையில் பஞ்சாக இருந்த குச்சி இப்போது கனக்கிறது என்றால் பிராண்டின் தரம் இறங்கிவிட்டது என்று பேசாதீர்கள்.

ஈரம் ஏறிய மரம் உறுதி குறைந்து மிருதுவாகும். முதலில் அடிபடுவது முனை. மழுங்கும், சிம்பு சிம்பாகப் பிரியும். "நைலான் முனை போட்டால் குச்சி நீண்ட நாள் உழைக்கும்" என்று சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் ஜோ கலாட்டோ 1958இல் கொண்டுவந்த நைலான் முனை, முனையை மட்டும் காப்பாற்றும். தண்டு எப்போதும்போல் ஒடியும்; சில நேரம் முனையே கழன்று கூட்டத்துக்குள் பறக்கும். ரைடு சிம்பலில் ஒலி கூர்மையாகும், சிலருக்கு அது பிடிக்காது. கீழே ஈப்போவில் இருந்தால் மரமுனையே போதும் என்பேன். மலையில் நைலானுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

இதே ஈரம் தப்பின் தோலிலும் வேலை செய்கிறது. அங்கே நடப்பதைக் கவனிக்காததால் எத்தனையோ குச்சிகள் அநியாயமாகப் பழி ஏற்கின்றன. மாலையில் மூடுபனி இறங்கினால் மாட்டுத்தோல் தளர்ந்து, "தண்" என்று கேட்க வேண்டியது "தொப்" என்று கேட்கும். கோயில் பின்புறத்தில் காய்கறி அட்டைப் பெட்டிகளைப் பற்றவைத்து, தப்பைச் சாய்த்துப் பிடித்து, தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக் காய்ச்சுவார்கள். நடுவில் விரலால் சுண்டிப் பார்ப்பதும் மறுபடி காட்டுவதுமாக ஒரு பத்து நிமிடம். ஊர்வலம் கிளம்பி அரை மணியில் தோல் மறுபடி தளரும். அப்போது வாசிக்கிறவர் என்ன செய்கிறார்? போன சத்தத்தை மீட்க ஓங்கி அடிக்கிறார். தளர்ந்த தோல் குச்சியைத் திருப்பி எறியாது, எல்லாவற்றையும் கையே தூக்க வேண்டும். வேகம் தவறி விளிம்பில் படும், மூங்கில் குச்சி பிளக்கும். மறுநாள் பேச்சு என்னவோ, "குச்சி சரியில்லை, தடியா ஒண்ணு வாங்கணும்." தடித்த குச்சி வந்தால் அடுத்த திருவிழாவில் தோல் கிழியும். ரெமோ பெல்லி 1957இல் பாலியெஸ்டர் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு டிரம் செட்டுக்கு இந்தத் தொல்லை தீர்ந்தது. தப்புக்கும் இப்போது பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது. ஒலி வறட்டுத்தனமாக இருக்கிறது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு; மழையில் நனைந்தாலும் சுருதி இறங்காது என்று இளைஞர்கள் சொல்வதிலும் உண்டு.

கடைசியாக, "பிராண்டு குச்சியில் அடித்தால் தப்பும் நன்றாகப் பேசும்." பேசாது. தப்புக்கு இரண்டு குச்சி, இரண்டும் இரண்டு விதம். அடிக்குச்சி குட்டை, ஏறத்தாழ 18 சென்டிமீட்டர், தடிப்பு. சிண்டுக்குச்சி 28 சென்டிமீட்டர் அளவில் தட்டையாகச் சீவிய மெல்லிய மூங்கில். அது தோலின் மேல் வளைந்து படிந்து சுளீரென்று எழுவதில்தான் அந்தச் சத்தம் இருக்கிறது. உருண்டு திரண்ட 5ஏ அந்த வளைவைக் கொடுக்காது. தவிலுக்குப் பூவரசுக் குச்சி, உறுமிக்குத் தோலைத் தேய்த்து முனகவைக்கிற வளைந்த குச்சி என்று ஒவ்வொரு வாத்தியமும் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்து வைத்திருக்கிறது. மலையில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. நன்றாக உலர்ந்த மூங்கிலில், கணு நடுவில் வராதபடி சீவிய சிண்டுக்குச்சிக்கு எந்த இறக்குமதிச் சரக்கும் ஈடில்லை.

டிரம் குச்சிக்கு வருகிறேன். கடையில் உறையை விட்டு எடுத்துப் பார்க்கச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள். கண்ணாடி மேசை மேல் குச்சியை உருட்டுங்கள். கோணல் இருந்தால் முனை மேலும் கீழும் ஆடும், கடகடவென்று சத்தமும் வரும். ரேகை அடியிலிருந்து முனைவரை ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒவ்வொன்றாக மேசை ஓரத்தில் தட்டிக் கேளுங்கள். ஒன்று ஏற்றமாகவும் மற்றது இறக்கமாகவும் ஒலித்தால் அது ஜோடி இல்லை, இரண்டு ஒற்றைகள். பிடித்த ஜோடியை வாங்கிய பிறகு காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவிட்டு ஈப்போ வெயிலில் சாப்பிடப் போகாதீர்கள். ஈர மலையில் ஊறப்போகிற மரத்தை முதலில் அடுப்பில் காய்ச்சியதாகிவிடும். சிம்பாங் பூலாய் வழியாக மேலே ஏறி வீட்டுக்கு வந்து மேசையில் உருட்டினால், கடையில் நேராக ஓடியது இங்கே கடகடக்கும்.