குருந்தம்: அணிகலனும் சாணைக்கல்லும்



மாணிக்கமும் நீலமும் நவமணிகளுள் இரண்டு என்பதை நாம் அறிவோம். நிறத்தால் வேறுபட்ட இவ்விரண்டும் ஒரே கனிமத்தின் வகைகளே ஆகும். அக்கனிமத்தின் பெயர் குருந்தம். இத்தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என வழங்குகின்றது.

பண்புகள்

அலுமினியமும் உயிர்வளியும் சேர்ந்து உண்டானது குருந்தம். தூய குருந்தத்திற்கு நிறம் இல்லை. சிறிதளவு குரோமியம் கலந்தால் அது சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகிறது. இது நீரைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு எடையுள்ளது. செருமானிய அறிஞர் மோஸ் 1812ஆம் ஆண்டில் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்திற்கு 10, குருந்தத்திற்கு 9, கண்ணாடிக்கு ஏறக்குறைய 5½. ஆதலால் குருந்தம் கண்ணாடியைக் கீறும். கண்ணாடி குருந்தத்தைக் கீறாது.

பழந்தமிழர் தொழில்

தமிழகத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. நீலக்கல், படிகம் முதலியவற்றால் மணிகள் செய்த தொழிற்கூடங்களின் தடயங்கள் அங்குக் கிடைத்தன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. இலங்கையின் இரத்தினபுரியில் இன்றும் ஆற்றுப்படுகைச் சரளைகளைத் தோண்டி நீலக்கற்களை எடுக்கின்றனர்.

பயன்கள்

குருந்தத்தின் பெரும்பயன் அதன் கடினத்தன்மையிலேயே உள்ளது. பாக்சைட் என்னும் மண்ணை மின்னுலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் செய்கின்றனர். பால்மரக் கத்தியையும் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளையும் கூராக்கும் சாணைக்கற்கள் பல இதனால் ஆனவையே. கைக்கடிகாரத்தின் அச்சு தேயாமல் தாங்குவதும் சிறு செயற்கை மாணிக்கமே. 1960இல் அமெரிக்க அறிஞர் மெய்மன் உலகின் முதல் லேசர் ஒளியை உண்டாக்கியதும் செயற்கை மாணிக்கத்தைக் கொண்டே.

பெற்றோர் கவனத்திற்கு

செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் வெர்நேய் 1902இல் வெளியிட்டார். அதுவும் குருந்தமே, ஆதலின் கண்ணாடியைக் கீறிக் காட்டினாலும் இயற்கைக் கல் என்று ஆகிவிடாது. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தை ‘இராசிக்கல்’ என்று சொல்பவரிடம் உடனே கொடுத்துவிடலாகாது. மணிக்கல் ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மாணவர்களே! நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் மாணிக்க மோதிரம் அணிந்தோர் சிலரே. சாணைக்கல் இல்லாத வீடோ அரிது. நம் குடும்பங்களுக்குச் சோறிடும் கருவிகளைக் கூராக்கும் அக்கல்லையும் மணியாகவே மதித்தல் நம் கடமை.